பந்தி விசாரணை

செங்கல்பட்டைத் தாண்டிக் காஞ்சிபுரம் ரயில் மேற்கே திரும்பியதும் அவசரமெல்லாம் அடங்கிவிடுகிறது. வில்லியம்பாக்கம், பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத் என்று சின்னச் சின்ன நிலையங்கள். பழைய சீவரத்தருகே பாலாறும் செய்யாறும் கூடுகின்றன. வருடத்தில் பாதி நாள் கூடுவது மணலும் மணலும்தான். ஏரிக்கரை, பனை, செங்கல் சூளை, புதிதாகக் கல் நட்ட மனைப்பிரிவு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பல ஊர்கள் இரண்டு ஊர்களாகத் தெரியும். கோயிலும் மதகும் உள்ள ஊர் ஒன்று. வயலைத் தாண்டி, சற்றுப் பள்ளத்தில், இன்னொன்று. நடுவில் இருக்கும் வயல் யாருடையது என்று கேட்டால் நூற்று முப்பது வருடக் கதை கிளம்பும்.

எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வாலாஜாபாத் பக்கம் உறவுக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கிளம்பியிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சிறிய புதிய ஏற்பாடு, கையில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டார். காஞ்சிபுரத்துக் கிறிஸ்தவப் பழைய கதைகளைத் தேடிப் போவதாகச் சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“எங்க சபையில சாதியே பார்க்கிறதில்ல தம்பி. ஒரே அப்பம், ஒரே பாத்திரம்.”

அவர் மடியில் விரிந்திருந்த பக்கம் மணமகன், மணமகள் தேவை. கிறிஸ்தவர்களுக்கென்று தனிக் கட்டம். அதற்குள் நாடார், வன்னியர், உடையார், வெள்ளாளர், ஆதிதிராவிடர் என்று வரிசை. ஒவ்வொன்றின் முன்னும் ஆர்.சி. அல்லது சி.எஸ்.ஐ. “இது எப்படி ஐயா?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கல்யாணம்கிறது வீட்டு விஷயமாச்சே தம்பி. அதுல சபை என்ன பண்ண முடியும்?”

அவர் பொய் சொல்லவில்லை. ஞாயிறு காலை அந்த ஒரு மணி நேரம் அவர் சாதி பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அதைப் பார்க்காமல் இருப்பதே அன்பு என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பார்த்துவிட்டு எழுதியவர் ஒருவர் இந்த மாவட்டத்தில் இருந்தார். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ஜே. எச். ஏ. டிரெமன்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு தாலுகா. அறிக்கையில் இரக்க வசனத்தைவிடக் கணக்குதான் அதிகம். தரிசு கிடக்கும் நிலத்தைக் கேட்டு உழைப்பாளி மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. அவன் குடிசை நிற்கும் மனையும் ஆண்டையுடையது. கூலி கூடக் கேட்டால் குடிசை போகும். கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய் முன்பணம் தலைமுறை தாண்டிப் படியாளைக் கட்டிப்போடும். இந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று 1010 எண்ணுள்ள அரசாணை வந்தது. தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்குவது; பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது; பிறகு விற்றாலும் அவர்களுக்குள்ளேயே விற்க வேண்டும். நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான்.

இதற்குப் பின்னால் பாதிரிமார்களின் நச்சரிப்பும் இருந்தது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் அருகே ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. இருவரும் சேரிகளுக்குள் போனவர்கள். மனைப் பட்டாவுக்கும் தரிசுக்கும் மனு எழுதிக் கொடுத்தவர்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மனுக்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் துருவிப் பார்க்கிறது. அவர் காட்டுவது சங்கடமான ஒன்று. நிலமும் கூலியும் கடனுமாக இருந்த பிரச்சினையை மெல்ல மெல்லச் சமயப் பிரச்சினையாக, தீண்டாமை என்ற மனக்கோளாறாக மாற்றிவிட்டார்கள். மனசு மாறினால் போதும் என்று ஆனபின் பட்டாவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா?

வாலாஜாபாத்தில் ஆசிரியர் இறங்கிக்கொண்டார். நாளிதழை என்னிடமே விட்டுப் போனார்.

காஞ்சிபுரம் நிலையத்திலிருந்து ரயில்வே சாலையில் நடந்தால் கிறிஸ்து ஆலயம். 1921இல் மெக்லீன் என்பவர் கட்டியது. ஊரிலேயே பழைய தேவாலயம். கோபுரங்களைப் பார்க்க வருகிறவர்கள் இதன் பக்கம் திரும்புவதில்லை. செங்கல் வளைவுகளும் தூண்களுமாக ஸ்காட்லாந்துச் சாயல். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பின் வரிசைப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

மாற்கு சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு விசித்திரமான சம்பவம் உண்டு. பெத்சாயிதாவில் ஒரு பார்வையற்றவரை இயேசு தொடுகிறார். என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். இரண்டாம் முறை தொட்ட பிறகுதான் எல்லாம் தெளிகிறது. வேறு எந்த அற்புதத்திலும் இப்படிப் பாதியில் நின்று கேள்வி கேட்பது இல்லை. இந்த வட்டாரத்துத் திருச்சபை வரலாற்றைப் படிக்கப் படிக்க, முதல் தொடுகைக்கும் இரண்டாம் தொடுகைக்கும் நடுவில் பலர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து ஆண்டர்சன் பள்ளிக்குப் போனேன். ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. கம்பி வழியாக மைதானத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவர் நடத்திய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1838இல் அந்தப் பள்ளிக்குள் பறையர் வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தது தெரிந்ததும் கலவரம். அவர்களை அனுப்பிவிடச் சொல்லிச் சாதி இந்துக் குடும்பங்கள் நெருக்கின. ஆண்டர்சன் மசியவில்லை. திரளாகப் பிள்ளைகள் நின்றுபோனார்கள்; பள்ளியே மூடிப்போகும் நிலை. அவர் அந்தச் சில பிள்ளைகளைக் கைவிடவில்லை. மறு ஆண்டே, 1839இல், காஞ்சிபுரத்தில் கிளை திறந்தார்கள். கோயிலைச் சுற்றியே எழுந்த ஊரில், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வியோடு வந்த பள்ளி அது.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு இன்னும் கறாராக ஒரு முடிவு எடுத்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இல்லாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி என்பது சமூக வழக்கம், சமயத்துக்கு அதில் என்ன வேலை என்றது. ரயிலில் ஆசிரியர் சொன்னது கிட்டத்தட்ட இதேதான்.

அந்த மாநாட்டுக்கு ஏழு வருடம் கழித்து, கடலுக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் ஆயர் மன்றம் கூடியது. கறுப்பு விசுவாசிகளோடு ஒரே திருவிருந்தில் உட்கார வெள்ளையர் சிலர் தயங்கினார்கள். எல்லாரும் சேர்ந்து வணங்குவதே வேதத்துக்கு ஏற்றது என்று 1857இல் அந்த மன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனியே நடத்திக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. அந்தச் சலுகை தனிச் சபையாகி, தனிச் சபை நாட்டின் நிறவெறிக் கொள்கைக்கே வேத ஆதாரமாகி நின்றது. அதைப் பாவம் என்று அறிக்கையிடும் பெல்ஹார் விசுவாச அறிக்கை 1982இல்தான் எழுதப்பட்டது, 1986இல் ஏற்கப்பட்டது. பலவீனர்களுக்குக் காட்டிய ஒரு தாட்சண்யத்துக்கு நூற்றுச் சொச்சம் வருட வட்டி.

நம்மூரிலும் தாட்சண்யத்துக்குக் குறைவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைச் சாதிக்கு ஒரு கையாக இரண்டாகப் பிரித்தே கட்டினார்கள். நடுவே இருந்த தடுப்பு 1910இல்தான் இடிந்தது. திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர். விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008இல் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். எல்லா இடத்திலும் அப்பம் ஒன்றுதான்.

மதியத்துக்கு மேல் பிள்ளையார்பாளையம். திண்ணை வைத்த வீடுகள், உள்ளேயிருந்து தறிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடுகிறது. முகூர்த்த மாதம் வருகிறதாம். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள். குழித்தறி. குழிக்குள் காலை விட்டு நெசவாளி உட்கார்ந்திருக்கிறார். உடல் கடுகு மஞ்சள், கரை அரக்கு. இடது கோடியில் அவர் மனைவி.

“கோர்வைப் புடவைக்கு ஒத்த ஆளு பத்தாது சார். இந்தக் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, அந்தக் கரைக்கு ஒரு நாடா. அந்தப் பக்கம் நாடா வாங்கிப் போட ஒரு ஆள் கட்டாயம் வேணும்.”

பக்கத்தில் குனிந்து பார்த்தேன். உடலின் மஞ்சள் ஊடை கரை வரை வந்து, அரக்கு ஊடையைக் கொக்கி போட்டுக்கொண்டு திரும்புகிறது. ஒவ்வொரு இழைக்கும் இதே வேலை. அவர் பலகையை இழுத்து அடிக்க, அந்த அம்மாள் அடுத்த நாடாவோடு தயாராக இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. கை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறது. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொன்னார்.

“முன்னெல்லாம் இந்த இடத்துல யாருண்ணே உக்காருவாங்க?”

“சின்னப் பசங்க சார். வீட்டுல முன்பணம் குடுத்துட்டுக் கூட்டியாருவாங்க. இப்ப அதெல்லாம் கிடையாது. எல்லாம் பள்ளிக்கூடம் போவுது. ஆளே கிடைக்கிறதில்ல, அதான் இவங்க.”

கடன் கொடுத்து உழைப்பைக் கட்டிப்போடும் முறையை டிரெமன்ஹீர் வயலில் கண்டு எழுதினார். நூறு வருடம் கழித்தும் அது தறிக்குழியில் இருந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் குறித்து 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. கரை பிரியாத புடவையைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் நின்றவர்கள் அந்த இடது கோடியை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. காந்தி ரோட்டுக் கடையில் புடவையைப் பிரித்துக் காட்டுகிறவர் கோர்வையைத் தொட்டுக் காட்டுவார். கோர்த்த கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இந்த ஊரில் நெய்கிறவர்கள் ஒரே கூட்டமும் அல்ல. செங்குந்தர் தமிழர். பத்மசாலியர் வீட்டில் தெலுங்கு. தேவாங்கர்களில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் உண்டு. சௌராஷ்டிரர் பேசுவது குஜராத் பக்கத்திலிருந்து நடந்து வந்த மொழி. வீட்டுக்கு ஒரு மொழி, குலத்துக்கு ஒரு சாமி. தெருவில் சந்தித்தால் நூல் விலை பேசுகிறார்கள், சொசைட்டி பாக்கியைப் பற்றிப் புலம்புகிறார்கள். வேறு வேறாக இருப்பது இங்கே யாருக்கும் பாரமில்லை. மேல், கீழ் என்று அடுக்கும்போதுதான் விஷம் ஏறுகிறது. இன வேறுபாட்டையே குற்றவாளியாக்கி, எல்லாரையும் ஒரே நிறத்தில் தோய்த்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நினைக்கிற பிரசங்கங்கள் இந்தத் தெருவுக்குப் பொருந்தாது.

பாதிரிமார்களும் இனம் என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில், பறையர் திராவிடரா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆம் என்று நிறுவினார். அவர்கள் வேறு இனம் என்று ஒதுக்க நினைத்தவர்களுக்கு அது நல்ல பதில். ஆனால் கேள்வியே எவ்வளவு விநோதம்! கண்ணெதிரே தமிழ் பேசி நிற்கிற மனிதர் இன்னார்தான் என்று நிறுவ ஒரு பின்னிணைப்பு வேண்டியிருந்தது. அதைவிட விநோதம், 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதியே இல்லை. மரங்களாகத் தெரிந்தவர்கள் அடுத்த பதிப்பில் தெரியாமலே போனார்கள்.

சாயங்காலம் சின்ன காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாள் கோயில். மிளகும் சுக்கும் வாசனையடிக்கும் கோயில் இட்லியைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு குளத்தங்கரையில் உட்கார்ந்தேன். பந்தியில் ஆள் பிரிப்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமேயான நோய் இல்லை. மருந்தைத் தேடியவர்களும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். வைணவ குருபரம்பரைக் கதைகளில் திருக்கச்சி நம்பி வருகிறார். பூவிருந்தவல்லிக்காரர், பிராமணர் அல்லர். வரதருக்கு ஆலவட்டம் வீசுவது அவர் தொண்டு. இளம் ராமானுஜர் அவரைக் குருவாகவே கருதினார். வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார், அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று. ராமானுஜர் அவரைத் தேடி ஒரு தெருவில் போக, நம்பி வேறு தெரு வழியாக வந்து, அவசரமென்று சாப்பிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் இலை வெளியே கிடக்கிறது, வீடு மெழுகியாயிற்று, மனைவி குளித்துவிட்டு மறுபடி சமைத்துக்கொண்டிருக்கிறார். ராமானுஜர் நொறுங்கிப்போனார் என்கிறது கதை. அந்த மனைவி செய்த தவறையே அந்தியோகியாவில் பேதுருவும் செய்தார். புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பந்தியிலிருந்து மெல்ல நழுவினார். எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரைக் கண்டித்த விவரம் கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. பந்தி வஞ்சனைக்கு வேதமும் விலக்கில்லை, குருபரம்பரையும் விலக்கில்லை. இரண்டுமே அதை மறைக்காமல் எழுதி வைத்தன என்பதுதான் ஆறுதல்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் அண்ணாவின் வீடு, இப்போது நினைவு இல்லம். நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த பிள்ளை. அவர் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததும் பெரியார் வெளியேறினார். இங்கே யாருக்கு எத்தனை இடம் என்று எண்ணச் சொன்னவரைப் பிரிவினைக்காரர் என்றார்கள். எண்ணாமல் இருப்பதில்தான் ஒற்றுமை என்ற நம்பிக்கை சபைகளுக்கு மட்டும் சொந்தமில்லை.

அரசும் அதே பல்லவியைப் பாடியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. அந்த மதத்தில் சாதி இல்லை என்பது வாதம். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஊரில் அவர் வீடு இருக்கும் இடம் மாறவில்லை. சர்டிபிகேட் மட்டும் மாறியது. சாதி இல்லை என்று ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னதை டெல்லி அப்படியே எடுத்துக்கொண்டது. பிறகு எங்களுக்குள் சாதி உண்டு என்று சபைகளே மனு எழுத வேண்டி வந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, பாகுபாடு திருச்சபைக்குள் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அந்த வேலையில் முன்நின்றவர்களில் செங்கல்பட்டு மறைமாவட்ட ஆயராக இருந்த நீதிநாதனும் ஒருவர். காஞ்சிபுரம் அந்த மறைமாவட்டத்தில்தான் வருகிறது.

பஞ்சமி நிலம் என்ன ஆயிற்று? கை மாறியது, பத்திரம் மாறியது, வேலி விழுந்தது. அதை மீட்கக் கேட்டு மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்தில் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு பெயர் சுவிசேஷத்திலிருந்து, இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து. இரண்டு பேரும் கேட்டது ஒரே நிலத்தை.

திரும்பும் வழியில் சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து மெல்ரோசாபுரம் போனேன். ஆடம் ஆண்ட்ரூவின் மிஷன் தலித் கிறிஸ்தவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்; பெயரிலேயே ஸ்காட்லாந்து மணக்கிறது. இதைப்போல இன்னொன்று ஆண்ட்ரேயபுரம். இன்று சுற்றிலும் தொழிற்சாலைகள், கன்டெய்னர் லாரிகள். ஆண்ட்ரூ ஆண்டை மாதிரி அதட்டியும் இருக்கலாம், தகப்பன் மாதிரி கண்டித்தும் இருக்கலாம். அந்தக் காலத்துப் பாதிரிமாருக்கு இரண்டும் வரும். ஆனால் சமத்துவத்தைப் பற்றிப் பிரசங்கித்த கையோடு காலுக்கடியில் மண் வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. முதல் தொடுகை அவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது.

இரண்டாவதுக்குப் பெரிய அற்புதம் எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குருசேகரத்திலும் மூன்று பதிவேடுகள் இருக்கின்றன: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். சாதி எழுதாத பதிவேடாகவே இருக்கட்டும். சபைக்குள் யார் எந்தத் தெரு என்பது தெரியாதவர் இல்லை. கடந்த பத்து வருடத் திருமணங்களில் எத்தனை தெரு தாண்டி நடந்தன, அடக்கங்களில் எத்தனை பேர் எந்த மூலைக்குப் போனார்கள், சபைப் பள்ளியின் வேலைகள் யார் வீட்டுக்குப் போயின என்று எண்ணிப் பார்க்கலாம். டிரெமன்ஹீர் ஒரு மாவட்டத்தையே எண்ணினார்; ஒரு சபைக்கு ஒரு வாரம் போதும். அந்தக் கணக்கை ஒரு ஞாயிறு, திருவிருந்துக்கு முன்னால், அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்க வேண்டும். முகம் சுளித்து எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள். 1838இல் ஆண்டர்சனின் சென்னைப் பள்ளியிலும் அப்படித்தான் எழுந்து போனார்கள். பள்ளி இன்றும் நடக்கிறது.